தீராத கறிக்கு ஒரு பலகை

லவோன் கூபேனாவை முகத்துக்கு நேராகப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு முழுப் பல்லோடு வீடு போய்ச் சேர்ந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் பெயர் ஓடெல் க்ரேன், லாரி ஓட்டுகிறவன். அவனைச் சும்மா விட்டதற்குக் காரணம் லவோனின் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாவி சொன்னது உண்மையாக இருந்து தொலைத்தது, அவ்வளவுதான்.

டெக்சஸில் டிட்மர் ஊரில் கூபேனா பார்பிக்யூ கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை பொழுது அடங்கியதும் ஓக் விறகில் தீ மூட்டி, மாட்டு நெஞ்சுக்கறியை உப்பும் மிளகும் தடவிப் புகையடுப்பில் ஏற்றினால் மறுநாள் காலை வரைக்கும் கிடந்து வேகும். வேறு மசாலா கிடையாது. குழம்பு கேட்டால் லவோன் உங்களை மேலும் கீழும் பார்ப்பாள். காலை பதினோரு மணிக்குக் கதவு திறக்கும். ஆனால் விடியும் முன்பே மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியில் பீருமாக ஜனம் வந்து வரிசை கட்டிவிடும். ஹூஸ்டனிலிருந்து வருவான், டல்லாஸிலிருந்து வருவான், தேன்நிலவுக்கு வந்தேன் என்றுகூட ஒரு ஜோடி வந்து நின்றிருக்கிறது.

பன்னிரண்டரை மணிக்கு லவோனின் தம்பி ராய்ஸ் வெளியே வந்து 'தீர்ந்துவிட்டது' என்று எழுதிய பலகையை வாசலில் மாட்டுவான். கிடைக்காமல் போனவன் திட்டுவான் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. பலகையோடு தோளில் கை போட்டு நின்று படம் எடுத்துக்கொண்டு போவான். பார்பிக்யூ கடைக்காரனுக்கு அந்தப் பலகையைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது. மூன்று மணிக்கும் கறி மிச்சமிருக்கும் கடை என்றால், அங்கே ஏதோ கோளாறு என்று நாய்கூட நினைக்கும்.

அக்காளும் தம்பியும் அந்தக் கடையைப் பங்கு போட்டுக்கொண்ட விதமே தனி. சாகும்போது அப்பன்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனான்: முன்கூடமும் வாசலும் மகனுக்கு, பின்பக்கத்து அடுப்புகளும் விறகுக் கொட்டகையும் மகளுக்கு. கறி தெரிந்தவளுக்கு நெருப்பு, பேசத் தெரிந்தவனுக்கு வாசல். ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் பிழைக்க முடியாதபடி கட்டிப் போட்டுவிட்டுப் போனான் மனுசன். லவோன் விடிய விடியத் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தரை மணிக்குக் கடைசிக் கறியையும் காகிதத்தில் சுற்றிச் சுவரில் இருக்கும் ஜன்னல் வழியே உள்ளே கொடுத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் நிற்கும், சக்கரம் வைத்த வண்டிவீட்டில் போய் விழுவாள். சாயங்காலம் வரை செத்த தூக்கம். கூடத்தில் மத்தியானம் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்து இரண்டு வருசம் ஆகியிருந்தது.

அக்டோபர் மாதம் அந்தச் சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. வண்டிவீட்டில் குளிர்சாதனம் உயிரை விட்டுவிட்டது. இரண்டு மணி நேரம் புரண்டு பார்த்துவிட்டு, வேர்த்து வழிய எழுந்து முன்வாசல் பக்கம் வந்தாள். பலகை மாட்டி அஞ்சு நிமிசம் ஆகியிருக்கும். முப்பது நாற்பது பேர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மட்டும் நகராமல் இடுப்பில் கையை வைத்துப் பலகையையே முறைத்துக்கொண்டு நின்றான். வயது அறுபது இருக்கும். அழுக்குத் தொப்பி, பானை வயிறு.

"என்னண்ணே, படிக்கத் தெரியலையா?" என்றாள் லவோன்.

"நல்லாத் தெரியும். மூணு வாரமா இதையேதான் படிக்கிறேன். மூணு வாரமா இது பொய்யாவே இருக்கு."

"யாரு வாசல்ல நின்னுக்கிட்டு யாரைப் பொய்ங்கிறே?"

"யாரா இருந்தா என்ன? இருபத்தெட்டு வருசமா கறி லாரி ஓட்டுறேன். எந்தப் பெட்டியில கறி இருக்கு, எதுல இல்லைன்னு கதவைத் திறக்காமலே என் மூக்கு சொல்லும். உள்ள கறி இருக்கு. பொய்க்காரப் பயலுக!"

லவோனுக்குக் காது வரை சிவந்தது. "இது என் கறி. நான் தூக்கமில்லாம ஆக்கின கறி. கூபேனா வீட்டுல கறியை ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் பலகை மாட்டுற ஈனப் பொழப்பு எவனுக்கும் இல்ல. வாய்யா உள்ள. நீயே திறந்து பாரு. இல்லைன்னா இத்தனை பேர் முன்னாடி என் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும்."

"இருந்தா?"

"இருந்தா நான் கேக்குறேன்."

வாசலில் இருந்தவர்கள் மடக்கிய நாற்காலிகளை மறுபடி விரித்தார்கள். கறி கிடைக்காவிட்டால் என்ன, சண்டை கிடைக்கிறதே.

கூடத்துக்குள் ராய்ஸ் அவளைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டான். "அக்கா, நீ தூங்கலையா?" என்று கேட்டவன், அவள் போகிற திசையைப் பார்த்துக் குறுக்கே வந்தான். "அந்தப் பெட்டியைத் திறக்காதே, சூடு போயிரும்."

"காலிப் பெட்டிக்கு என்னடா சூடு?"

சூட்டுப் பெட்டியின் கதவை ஓடெலே இழுத்தான். உள்ளே பழுப்புக் காகிதத்தில் சுற்றி, அவள் கையால் முடிச்சுப் போட்ட நெஞ்சுக்கறி வரிசையாக அடுக்கியிருந்தது. ஏழு. ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் தம்பிக்காரன், அந்தச் சோற்றுக்குச் சத்தியம் செய்தவள் அக்காள்காரி. ஓடெல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவன் மேல் கோபப்பட்டிருக்கலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். அது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"எத்தனை நாளாடா?" என்றாள் லவோன்.

"அக்கா, ஆளுங்க முன்னாடி வேண்டாம்..."

"எத்தனை நாளாடா!"

"ஒன்றரை வருசமா. எனக்கென்ன ஆசையா? மாட்டுக்கறி விலை எங்க போயி நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா? இந்த மாவட்டத்துல மூணு கடை இந்த வருசமே மூடியாச்சு. மூணும் நல்ல கடைதான். நல்லா ஆக்குனா மட்டும் பத்தாதுக்கா. வர்றவன் கறிக்கு வரல. கிடைக்காதுங்குற பேச்சுக்கு வர்றான். பன்னிரண்டரைக்குப் பலகை ஏறுனாத்தான் அடுத்த வாரம் அஞ்சு மணிக்கே வந்து நிப்பான். அந்த வரிசைதான் நமக்குச் சோறு போடுது."

"மிச்சக் கறி எங்க போகுது?"

ராய்ஸ் தரையைப் பார்த்தான். "ஆஸ்டின்ல ஒரு ஓட்டல். நல்ல விலை குடுக்குறான்."

"இன்னைக்கு எடுத்து இன்னைக்கா திங்குறான்?"

"திங்கக்கிழமை. சுட வெச்சு."

"யாரு பேருல?"

ராய்ஸ் நிமிர்ந்து அவளையே பார்த்தான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அதை இரண்டு நாள் கழித்துச் சூடாக்கி, தட்டின் ஓரத்தில் 'லவோன் கூபேனாவின் நெஞ்சுக்கறி' என்று சீட்டுக் குத்தி ஊரான் பரிமாறியிருக்கிறான். தூக்கம் கெட்டது அவளுக்கு, பெயரும் அவளுக்குத்தான் கெட்டது.

அவள் ஓடெல் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்கண்ணே. நான் சத்தியம் பண்ணது தப்பு." சொன்னபடி குனியவும் போனாள். அவன் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"அய்யய்யோ, காலெல்லாம் வேண்டாம் தாயி. ஒரு பவுண்டு வெட்டிக் குடு, போதும்."

"ஏழையும் வெட்டுறேன்" என்றாள் லவோன். கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினாள். "ஏய்! போகாதீங்க! கறி இருக்கு! எல்லாருக்கும் இருக்கு!"

கிளம்பிய கார்கள் பின்னோக்கி வந்தன. ஒரு பொடிப் பயல், "அந்தப் பலகையை அடுப்புல போட்டுக் கொளுத்துக்கா!" என்று கத்தினான்.

"பெயிண்ட் அடிச்ச கட்டையை என் அடுப்புலயா? கறி நாறிப் போகும்டா, மடையா!"

ராய்ஸ் அவள் கையைப் பிடித்தான். குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் உறுதியாக இருந்தது. "அக்கா, இது என் கூடம். அப்பா எனக்கு எழுதி வெச்சது. என் கூடத்துல இன்னைக்கு இதுக்கு மேல ஒரு துண்டு வெட்டக் கூடாது. வெட்டினா அடுத்த வாரம் வரிசை வராது, அடுத்த மாசம் கடை இருக்காது. நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ."

"கறி என்னுது."

"கூடம் என்னுது."

"சரி. உன் கூடத்தை நீயே கட்டிக்கிட்டு அழு."

ஏழு கறியையும் இரண்டு தட்டில் அடுக்கினாள். ஒன்றை அவள் தூக்கினாள், இன்னொன்றை யாரும் சொல்லாமலே ஓடெல் தூக்கினான். ஜனம் முழுக்கக் கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. அடுப்பின் இரும்பு மூடிமேல் விறகுப் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் காகிதம் விரித்து வெட்டத் தொடங்கினாள். தராசு கூடத்துக்குள் மாட்டிக்கொண்டது. அதனால் என்ன, முப்பது வருசக் கைக்குப் பவுண்டு தெரியாதா. காசைக் காலி உப்பு வாளியில் போடச் சொன்னாள். முன்வாசலில் ராய்ஸ் பலகையை மறுபடி மாட்டிக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. முன்னால் தீர்ந்துபோன கடை, பின்னால் தீராத கடை. டெக்சஸில் இப்படி ஒரு கூத்து நடந்ததே இல்லை.

ஓடெல் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டான். நிதானமாக, ஒவ்வொரு துண்டாக. லவோன் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே வெட்டினாள்.

"எப்படிண்ணே?"

"கொழுப்புப் பக்கம் தெய்வம்" என்றான். அப்புறம் தாடையைச் சொறிந்தான். "மெலிஞ்ச பக்கம் சொல்லவா, வேண்டாமா?"

"சொல்லு."

"வறண்டு கிடக்கு. தண்ணி குடிச்சு முழுங்க வேண்டியிருக்கு."

சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். கையில் ஒரு முழக் கத்தியோடு நிற்பவளிடம் போய் இதைச் சொல்வானா மனுசன்? லவோன் அவன் காகிதத்திலிருந்தே ஒரு மெலிந்த துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். முகம் மாறியது. இன்னொரு கறியில் ஒரு துண்டு வெட்டி மென்றாள். அது பரவாயில்லை. மூன்றாவது, முதல் கறியைவிட மோசம்.

கறி ஆக்குகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு, அதைத்தான் அவளும் செய்திருந்தாள். ருசி பார்க்க எப்போதும் இரண்டாம் அடுப்பின் நடுவில் வெந்ததைத்தான் வெட்டுவாள். அங்கே தீ நிதானமாக வரும், கறி கெடவே கெடாது. முன்னெல்லாம் பதினாறு ஏற்றிய அடுப்புகளில், வரிசை நீண்டதும் இருபத்தெட்டு ஏற்ற ஆரம்பித்தாள். தீயை ஒட்டி நெருக்கி வைத்ததெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. இது அவளுக்குத் தெரியவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது, சரி. சுற்றி நின்ற இத்தனை பேருக்குமா தெரியாமல் போகும்?

"ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டு வருசமா திங்குறீங்களே, ஒருத்தருக்கும் நாக்கு இல்லையா?"

ஹூஸ்டன்காரி ஒருத்தி, தலையில் பெரிய தொப்பி, மெதுவாகச் சொன்னாள்: "போன தடவை நான் திங்கும்போதும் இப்படித்தான் இருந்துச்சு. ஆனா ஆறு மணி நேரம் நின்னு வாங்கினதை நல்லா இல்லைன்னு எப்படிங்க சொல்றது? என் வீட்டுக்காரரு என்னைக் கொன்னுருவாரு." பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

லவோனுக்கு அப்போதுதான் உறைத்தது. ராய்ஸ் ஜனங்களை ஏமாற்றினான், அது ஒரு பக்கம். அந்த வரிசை அவளை அல்லவா ஏமாற்றியிருக்கிறது! நூற்று நாற்பது பேர் வாசலில் நின்று, உன் கறி தெய்வம், உன் கறி தெய்வம் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். நின்ற காலுக்குச் சமாதானம் சொல்ல வேண்டுமே, அதற்காக. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்து அவளுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. வெட்டினாள்.

அன்று சாயங்காலம் தம்பியின் போனை வாங்கி அந்த ஆஸ்டின் ஓட்டலுக்கு அவளே பேசினாள். பேச்சு நீளவில்லை. "என் பேரு எழுதுன சீட்டு இனி ஒண்ணு உன் தட்டுல இருந்துச்சு, நானே வந்து அதை உன் வாயில திணிப்பேன்" என்று வைத்துவிட்டாள். ராய்ஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த வாரத்துக்குள் செய்தி பரவிவிட்டது. கூபேனா கடையில் இரண்டு மணிக்கும் கறி கிடைக்கிறதாம். ராய்ஸ் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. கிடைக்கிற பொருளுக்கு எவன் நாலு மணிக்கு எழுந்து இருநூறு மைல் ஓட்டுவான்? அடுத்த சனிக்கிழமை வடகாற்று வேறு இறங்கி எலும்பைத் துளைத்தது. பத்தரை மணிக்கு ராய்ஸ் ஜன்னல் வழியே எண்ணிப் பார்த்தான். பதினோரு பேர். அதற்கு முந்தின வாரம் நூற்று நாற்பது.

அவன் பின்பக்கம் ஓடி வந்தான். கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கும் வேறு பிழைப்பு இல்லை, அவன் பயந்ததும் பொய்ப் பயம் இல்லை. "பதினொண்ணு! எண்ணிக்கோ, பதினொண்ணே பேரு! சந்தோசமா?"

"பதினாறு ஏத்தியிருக்கேன். போதும்" என்றாள் லவோன். இரண்டு அடுப்பிலும் தீயை ஒட்டிய இடம் காலியாக இருந்தது.

"சரி, குடு. மணி ஆகுது."

"வேகல."

"என்னது?"

"காத்து அடிக்குதுல்ல, அடுப்பு சூடு பிடிக்கல. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். போன வருசம் இதே மாதிரிக் குளிர்ல பதினோரு மணிக்கு எடுத்துக் குடுக்கலையா நீ? யாரு கண்டுபிடிச்சா?"

"குடுத்தேன். அதான் சொல்றேன், இனி குடுக்க மாட்டேன்."

"இருக்குற பதினோரு பேரையும் விரட்டிட்டு நாம என்னத்தை நக்குறது?"

லவோன் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். அவன் கூடம்தான், ஆனாலும் நடந்தாள். முன்கதவைத் திறந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "கறி இன்னும் வேகல. எப்ப வேகுதோ அப்பத்தான் கதவு. நிக்கிறவங்க நில்லுங்க, போறவங்க போங்க. யாரு மேலயும் எனக்குக் கோபம் இல்ல."

ஆறு பேர் போய்விட்டார்கள். போகும்போது ஒருத்தன், "ரொம்பத்தான் திமிரு" என்றான்.

"ஆமா, திமிருதான்!" என்று அவன் முதுகுக்குச் சொன்னாள். "திமிரு இல்லாதவ பதினாலு மணி நேரம் நெருப்புகிட்ட உக்காருவாளா?"

பன்னிரண்டே முக்காலுக்கு முதல் கறியை எடுத்தாள். இந்தத் தடவை நடுவில் வெந்ததைத் தொடவில்லை. ஏற்றியதில் தீக்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்து, மெலிந்த பக்கத்தில் ஒரு துண்டு வெட்டினாள். விரல்மேல் போட்டாள். இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கியது, அறுந்து விழவில்லை. அதை ராய்ஸிடம் நீட்டினாள்.

"தின்னு. தின்னுட்டு என்ன குறைன்னு சொல்லு. புகழ்ந்தே, தொலைச்சிருவேன்."

ராய்ஸ் ஐந்து பேர் நிற்கும் வாசலைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான், வாயில் போட்டான். ரொம்ப நேரம் மென்றான். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. அது கறியாலா, கடையை நினைத்தா என்று அவனுக்கே தெரியவில்லை. ஏதாவது குறை சொல்லியாக வேண்டும். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான்.

லவோன் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள். யாரையும் கேட்காமல், யார் முகத்தையும் பார்க்காமல் மென்று விழுங்கினாள்.

"இல்ல. உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். "போய்க் கதவைத் திற."